ஒரு பைசாத் தாளும் பரண்மேல் மடிக்கணினியும்

போன வருடம் ஆண்டிமடம் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கல்லூரி முதலாண்டு. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் நகல்.

"சர்வர் ஸ்லோவாம்க்கா. நாளைக்கு வரச் சொல்றாங்க."

அது அவளுக்கு மூன்றாவது நடை. முதல் நடையில் அம்மாவும் கூட வந்திருக்கிறார். வருமானச் சான்றுக்காக அம்மாவின் ஆதாரைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரல், கருவியில் ரேகை விழவில்லை. இரண்டாம் நடையில் மின்சாரம் இல்லை. மூன்றாம் நடையில் சர்வர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு மிச்சம். ஆனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வகுப்பு போகிறது. அம்மா கூட வந்தால் ஒரு நாள் கூலியும் போகிறது.

"வீட்டுல ஒரு லேப்டாப் இருந்தா ராத்திரி பன்னண்டு மணிக்குக்கூடப் போட்டுடலாம்" என்றாள். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் உடனே சொன்னார்: "போன்லயே எல்லாம் பண்ணிக்கலாமே. எதுக்குமா லேப்டாப்பு?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பழையது. கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது, கேள்வி மட்டும் மாறவில்லை. 'உனக்கு எதுக்கு பேனா' என்று கேட்டார்கள், 'உனக்கு எதுக்கு அச்சுக்கூடம்' என்று கேட்டார்கள். அந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பைசா

1893 அக்டோபரில் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். பெயர் 'பறையன்'. இழிவாகச் சொல்லப்பட்ட சொல்லையே தலைப்பில் அச்சடித்து விற்றார். அதற்கும் முன்னால், 1885-இல் ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் 'திராவிடப் பாண்டியன்' நடத்தினார்கள். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைக் கொண்டுவந்தார். அதன் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்த பத்திரிகை அது.

அந்த 'ஒரு பைசா'வைக் கொஞ்சம் யோசியுங்கள். வாங்க வேண்டியவரிடம் என்ன இருக்கிறது என்பதிலிருந்து விலை முடிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே மாதம் அயோத்திதாசர் மறையும்வரை அவர் ஆசிரியராக இருந்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள். கடல் கடந்து ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போன நம் மக்களும் படித்தார்கள். ஒருவர் வாங்குவார், எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் வாசிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள்.

நம் முன்னோர்களில் பத்திரிகை நடத்தியவர்கள் எல்லோரும் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தார்கள். பேச வாய் இருந்தால் மட்டும் போதாது, சொன்னதைப் பதிவு செய்கிற கருவியும் நம் கையில் இருக்க வேண்டும். மராத்தியில் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' தொடங்கிய அம்பேத்கரும் அதைத்தான் செய்தார். அடுத்தவர் அச்சுக்கூடத்தில் நம் செய்தி கடைசிப் பக்கத்தில் கடைசி வரியாகத்தான் வரும், அல்லது வரவே வராது.

1997-இல் 'தலித் முரசு' வந்தது. பிறகு அது 'கீற்று' இணையதளம் வழியாக, அச்சுப் பிரதி போய்ச் சேராத ஊர்களுக்கும் சேர்ந்தது. இப்போது நீங்கள் இதைப் படிக்கிற இடமும் அதே வரிசையில் வருவதுதான். அச்சுக்கூடம் இருந்த இடத்தில் இன்று ஒரு விசைப்பலகையும் ஒரு திரையும் இருக்கின்றன. அதன் விலை என்ன, யாரால் வாங்க முடிகிறது என்பதுதான் இன்றைய 'ஒரு பைசா' கேள்வி.

ஏழைக்கென்று ஒரு கணினி

ஏழைக்கென்று ஒரு கணினி செய்ய வேண்டும் என்று உலகில் முதலில் யோசித்தவர்களில் இந்தியர்களும் உண்டு. 2001-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர், சுவாமி மனோகர், விஜய் சந்துரு உள்ளிட்டோர், 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கருவியை வடிவமைத்தார்கள். சுமார் 9,000 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும் என்பது இலக்கு. இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும். ஓர் ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும், ஒவ்வொருவரும் தன் ஸ்மார்ட் கார்டைச் செருகித் தன் தகவலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டார்கள். நல்ல யோசனைதான். 2004-இல் சந்தைக்கு வந்தபோது சில ஆயிரங்களுக்கு மேல் விற்கவில்லை. வாங்கிக் கொடுக்க எந்த அரசும் பெரிய அளவில் முன்வரவில்லை.

2005-இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்று அறிவித்தார். விலை 100 டாலர் என்றார். 2007-இல் உற்பத்திக்கு வந்தபோது அது 200 டாலரைத் தொட்டுவிட்டது. இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பள்ளியும் ஆசிரியரும்தான் முதல் தேவை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் மடிக்கணினிக்குச் செலவிடாத பணம் அப்படியே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் நாம் கேட்க வேண்டும்.

அந்தத் திட்டம் சந்தையில் வேறொன்றைக் கிளப்பிவிட்டது. 2007 அக்டோபரில் தைவானின் ஏசஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்ற குட்டி மடிக்கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 4 ஜி.பி. சேமிப்பு, லினக்ஸ் இயங்குதளம், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. உலகம் முழுக்க அது விற்றுத் தீர்ந்தது. 'நெட்புக்' என்ற புதிய வகையே பிறந்தது. 2008 ஜனவரியில் எச்.சி.எல். நிறுவனம் 'மைலீப்' என்ற சிறிய மடிக்கணினியை 13,990 ரூபாயிலிருந்து விற்கத் தொடங்கியது.

பதினாலாயிரம் என்பது நகரத்து நடுத்தரக் குடும்பத்துக்கு மலிவு. 2008-இல் ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பில் களை எடுக்கப் போகிற குடும்பத்துக்கு அது பல மாத வருமானம். விலை குறைந்துவிட்டால் சாதி தாண்டிப் போய்விடும் என்று சந்தை நம்புகிறது. நம் தெருவுக்குள் சந்தை தானாக வந்ததில்லை. பெரும்பாலும் அரசு வந்தபோதுதான் எதுவும் வந்தது: உதவித்தொகை, விடுதி, சத்துணவு, சைக்கிள். அந்த வரிசையில் கணினியும் வந்தது.

2011 செப்டம்பர்

2011 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். முதலாண்டு இலக்கு 9.12 லட்சம் மாணவர்கள், ஐந்தாண்டு இலக்கு 68 லட்சம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படிப்பவர்கள், அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் என்று வரையறுத்தார்கள். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது.

மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 5 அன்று, டில்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற மலிவுக் கைக்கணினியை வெளியிட்டார். 'உலகின் மிக மலிவான' என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தொடுதிரை சரியாக வேலை செய்யவில்லை, பேட்டரி நிற்கவில்லை என்ற புகார்களோடு அது சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. தமிழ்நாடு கொடுத்தது மலிவான பொம்மை இல்லை. மற்றவர்கள் கடையில் வாங்குகிற அதே ரகம்: 14 அங்குலத் திரை, முழு விசைப்பலகை, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும். ஏழைக்கு என்றால் தரம் குறைந்ததுதான் என்ற பழக்கத்தை இந்தத் திட்டம் ஓரளவு உடைத்தது. 2013-இல் உத்தரப் பிரதேசமும் இதேபோல் மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது.

2011-12-இல் நான் பிளஸ் டூ. எங்கள் பள்ளியில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு அந்தப் பையை வாங்கியது ஞாபகம் இருக்கிறது. மூடியில் முதலமைச்சர் படம். எங்கள் தெருவில் முதல் மடிக்கணினி அது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த கூட்டத்தில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதிகம், இயக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. எங்களுக்கு அப்போது இணையமும் இல்லை. முதல் ஆறு மாதம் அதில் பாட்டும் படமும்தான். பிறகு எம்.ஏ. படிக்கும்போது ஆய்வேட்டை அதில்தான் தட்டச்சு செய்தேன். தமிழ்99 விசைப்பலகையை அதில்தான் பழகினேன். என் விடுதியில் ஐந்தாறு பேரின் ஆய்வேடு அந்த ஒரே இயந்திரத்தில் அடித்தது.

தமிழ்நாட்டின் தலித் மாணவர்களுக்கு அந்த ஆண்டுகள் முக்கியமானவை. 2012-இல் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்றது. நம் வட்டாரத்தில் கிறித்தவத் தலித் குடும்பங்கள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கட்டணமும் கருவியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கையில் வந்தன. பொறியியல் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் முதல் தலைமுறையாகப் போனவர்கள் பலர் அந்த இரண்டும் இருந்ததால்தான் போனார்கள்.

'இலவசம்' என்ற வசவு

உடனே வசவும் வந்தது. 'இலவசத்தைக் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்.' இலவசத் தொலைக்காட்சி, மடிக்கணினி வாக்குறுதிகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடர்ந்த வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. கூடவே தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. 2018-இல் 'சர்கார்' படத்தில் இலவச மிக்சியையும் கிரைண்டரையும் தீயில் போட்ட காட்சிக்குக் கைதட்டியவர்கள் உண்டு. 2022-இல் பிரதமர் மோடி இதை 'ரேவடிக் கலாச்சாரம்' என்றார்.

தோழர்களே, இந்த வாதத்தை நாம் ஒரு வரியில் ஒதுக்கிவிடக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகளே பட்டிமன்றத்தில் 'இலவசம் வேண்டாம்' பக்கம் பேசிப் பரிசு வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பதில் வேண்டும்.

முதல் பதில்: கருவி ஏற்கெனவே இருப்பவர் வீட்டில் அதற்குப் பெயர் 'இலவசம்' இல்லை, 'சொத்து'. தாத்தா வாங்கிய நிலம், அப்பா வாங்கிய கணினி, மாமா கொடுத்த பழைய மடிக்கணினி. அதை யாரும் சோம்பேறித்தனம் என்பதில்லை. நம் தாத்தாவுக்கு நிலம் இல்லாமல் போனது தற்செயல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதன் பிறகு ஒதுக்கப்பட்டு பின்னர் கைமாறிப்போன பஞ்சமி நிலங்களும் அதற்குச் சாட்சி.

இரண்டாவது பதில்: 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தினரிடம். நகரத்தில் 23.4 சதவீதம். நூறு கிராமத்து வீடுகளில் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கணினி இல்லாதவை. அந்த நான்கைந்து வீடுகளும் ஊர்த் தெருவில் இருக்குமா, நம் தெருவில் இருக்குமா என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே சமயம் நமக்குள்ளேயே கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. பொதுத் திட்டங்களுக்கான செலவில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டக் கணக்கில் காட்டுவதைத் தலித் இயக்கங்கள் நீண்ட காலமாக எதிர்த்து வருகின்றன. எல்லோருக்கும் கொடுக்கிற பொருளை எல்லோருக்குமான பணத்தில் கொடுக்க வேண்டும். துணைத்திட்டப் பணம் நம் விடுதிக்கும் நம் பள்ளிக்கும் வர வேண்டும். 2024-இல் தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாமல் ஆண்டுதோறும் கணக்கு கேட்பது நம் வேலை.

கதவு இணையத்துக்கு மாறியபோது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. வகுப்பு போனுக்குள் போனது. அந்த ஜூன் மாதத்தில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இணைய வகுப்பில் சேர முடியாத ஒரு தலித் மாணவியை நாம் இழந்தோம். நவம்பரில் டில்லியில் ஒரு புகழ்பெற்ற கல்லூரியில் படித்த தெலங்கானா மாணவியை இழந்தோம். படிப்பைத் தொடர ஒரு மடிக்கணினி இல்லையே என்பது அவருடைய கவலைகளில் ஒன்று. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டின் மடிக்கணினித் திட்டமும் நின்றுபோனது. எப்போது அதிகம் தேவைப்பட்டதோ அப்போது நின்றது.

நிற்காதது ஒன்று உண்டு. விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போனது. சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை, டி.என்.பி.எஸ்.சி., கியூட், நீட், கல்லூரிச் சேர்க்கை எல்லாமே இன்று இணையத்தில்தான். அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அந்தத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று முடிவெடுத்தது. பணம் இருக்கிறது. அதற்குப் போகிற கதவு மட்டும் ஒரு திரைக்குள் இருக்கிறது.

அந்தக் கதவு மூடினால் என்ன ஆகும் என்பதற்கு 2021-இல் நடந்தது ஒன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த ஒரு தலித் மாணவர் சேர்க்கைக் கட்டணத்தை இணையத்தில் கட்ட முயன்றார். பரிவர்த்தனை திரும்பத் திரும்பத் தோற்றது. மறுநாள் ஒரு சைபர் கபேக்குப் போய் முயன்றார், அங்கும் நடக்கவில்லை. கெடு முடிந்தது, இடம் போனது. உயர் நீதிமன்றம் கைவிரித்த பிறகு நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவருக்கு இடம் கொடுக்கச் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆண்டிமடத்தில் பிளாஸ்டிக் கவரோடு நிற்கிற பெண் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்?

'போன்லயே பண்ணலாமே' என்ற பெரியவருக்கும் இதில் பதில் இருக்கிறது. பண்ணலாம், ஓரளவுக்கு. ஆனால் பல விண்ணப்பத் தளங்கள் சிறிய திரையில் பாதிதான் தெரிகின்றன. சான்றிதழைச் சொன்ன அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும். வீட்டில் ஒரே போன், அது அப்பா சட்டைப்பையில் வேலைக்குப் போகிறது. ஐம்பது பக்க ஆய்வேட்டைக் கட்டைவிரலால் எழுத முடியாது. கணக்குத் தாளும் நிரல் எழுதுவதும் போனில் பழக முடியாது. போன் பார்ப்பதற்கு வசதியானது. எழுத, கணக்குப் போட, மனு தயாரிக்கக் கணினிதான் வேண்டும்.

பெருவிலிருந்து ஒரு எச்சரிக்கை

கருவி வந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தென் அமெரிக்காவின் பெரு நாடு, நெக்ரோபாண்டேயின் மடிக்கணினிகளைக் கிராமப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தது. 319 பள்ளிகளை ஆய்வு செய்து 2012-இல் வெளியான அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. பொது அறிவுத்திறனில் மட்டும் ஓரளவு முன்னேற்றம். பயிற்சி இல்லாமல், இணையம் இல்லாமல், உள்ளூர்ப் பாடம் இல்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்ததன் விளைவு அது.

நம் கதையும் பாதி அதுதான். வாங்கிய ஆறு மாதம் பாட்டுக் கேட்டதைச் சொன்னேன். என்னோடு வாங்கியவர்களில் சிலர் குடும்பக் கஷ்டத்தில் விற்றார்கள். சிலர் வீட்டில் அது அண்ணன் கைக்குப் போனது, தங்கை கைக்கு வரவே இல்லை. பேட்டரி போனதும் பழுது பார்க்க ஆளில்லாமல் பரண் ஏறியவைதான் அதிகம். அரசு கொடுத்ததோடு நின்றுவிட்டது. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிற வேலையை நம் இயக்கங்களும் எடுத்துச் செய்யவில்லை. அயோத்திதாசர் பத்திரிகையை மட்டும் அச்சடிக்கவில்லை, படிக்கிற கூட்டத்தையும் உருவாக்கினார். நாம் இரண்டாவதை விட்டுவிட்டோம்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ கொடுப்பதாக அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை அதில் இல்லை. நீட், கியூட் விண்ணப்பம் போடுகிற வயது அதுதான். குழுமூர் அனிதா நம் மாவட்டத்துப் பிள்ளை, 1200-க்கு 1176 எடுத்தவர். தேர்வு முறை மாறியபோது அந்த மதிப்பெண் கதவைத் திறக்கவில்லை. பள்ளி வயதில் கருவி கிடைப்பதை நாம் ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்பது அரியலூர்க்காரர்களுக்குப் புரியும்.

வாங்குவதென்றால்

கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. பல தம்பி தங்கைகள் கேட்பதால் எழுதுகிறேன்.

புதிதாக மலிவு விலையில் வருகிற சிறிய மடிக்கணினிகளில் கவனம் தேவை. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பு என்று இருந்தால் ஓராண்டில் திணறும். சேமிப்பகம் பலகையிலேயே ஒட்டியிருந்தால் பின்னால் கூட்டவும் முடியாது. அதே பணத்துக்கு அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த, புதுப்பித்த மடிக்கணினி நல்லது. லெனோவா திங்பேட், டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக் வகைகள் உறுதியானவை, உதிரிபாகம் கிடைக்கும். 12 அங்குலத் திரை கொண்டவை பையில் அடங்கும். 8 ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி. சேமிப்பு இரண்டும் இருக்க வேண்டும். கடையிலேயே அரை மணி நேரம் சார்ஜர் இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். மூடியைத் திறந்து மூடி கீல் ஆடுகிறதா பாருங்கள். வைஃபை, கேமரா, சார்ஜர் சொருகுமிடம் சரி பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று நாளை போலீஸ் வந்தால் முதலில் சந்தேகப்படுவது நம்மைத்தான்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால்தான் நல்ல இயந்திரங்கள் இப்போது குறைந்த விலைக்கு வருகின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டு தாராளமாக ஓடும். லிப்ரே ஆபிஸ் இலவசம், தமிழ்99 விசைப்பலகையை அமைப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இணையத்துக்குப் போனின் ஹாட்ஸ்பாட் போதும். தயவுசெய்து இதற்காக வார வட்டிக் குழுக் கடன் வாங்காதீர்கள். அம்மா தலையில் விழும்.

தனியாக வாங்க முடியாதவர்கள் சேர்ந்து வாங்குங்கள். ஊருக்கு ஒரு கருவி என்ற சிம்ப்யூட்டர் யோசனையை அரசு விட்டாலும் நாம் எடுத்துக்கொள்ளலாம். தெருவுக்கு ஒரு அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. அங்கே ஒரு மடிக்கணினி, ஒரு பதிவேடு. ஒரு நிபந்தனை: சாவி ஒரு பெண்ணிடமும் இருக்க வேண்டும், மாலை ஆறு மணிக்கு முன் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அது கேரம் போர்டு மாதிரி பையன்கள் சொத்தாகிவிடும்.

அந்தப் பெண் மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் பழைய அரசு மடிக்கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது, மின் இணைப்பில் மட்டும் ஓடும். முந்தின வருடம் ஒரு தம்பி அதில் எஸ்.எஸ்.டி. மாற்றி லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம். பத்தரைக்கு மின்சாரம் போய் பதினொன்றேகாலுக்கு வந்தது. மதியம் ஒரு மணிக்கு விண்ணப்பம் ஏறியது. எண்ணைக் கையில் எழுதிக்கொண்டாள்.

மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, "இது எந்த வருசத்துதுக்கா?" என்றாள். சொன்னேன். அப்போது தான் பால்வாடியில் இருந்ததாகச் சிரித்தாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். 2012-இல் வாங்கியதோ, 2017-இல் வாங்கியதோ. எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எங்கள் படிப்பகத்தில் அவற்றைச் சரிசெய்கிறோம். உயிர் வருவதை ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறோம், வராததிலிருந்து உதிரிபாகம் எடுக்கிறோம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்களும் வாருங்கள், தெரியாதவர்களும் வாருங்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்குவதென்றால் எழுதுங்கள், வந்து கூட இருக்கிறோம்.

ஜெய்பீம்.